ஆறாம் வகுப்புக்கு உதவிபெறும் பள்ளியா, மாநகராட்சிப் பள்ளியா? (சேலம் டவுன்)

செவ்வாய்ப்பேட்டை அப்பா

வணக்கங்க. பெரிய பொண்ணு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் அஞ்சாவது முடிக்கிறா. பையன் ரெண்டாவது போகணும். வெள்ளிப்பட்டறைக் கூலியில் ரெண்டு பேருக்கும் மெட்ரிக் ஃபீஸ் இனிமேல் தாங்காது. நடந்து போற தூரத்துல பழைய பேர் உள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒண்ணு இருக்கு. டவுன் பஸ்ல போனா ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியும் இருக்கு.

விசாரிச்சதில் குழப்பம்தான் மிச்சம். உதவிபெறும் பள்ளியைப் பத்தி ஒருத்தர், "ஒரு பைசா கட்டலை, புஸ்தகம் யூனிஃபார்ம் எல்லாம் அவங்களே கொடுத்துட்டாங்க"ங்கிறார். அதே பள்ளியில், அதே வகுப்பில் பிள்ளையை விட்டிருக்கிற இன்னொருத்தர் தவணை போட்டு ஃபீஸ் கட்டறேங்கிறார். கணக்கு டீச்சர் மாதிரி உண்டா என்கிறது ஒரு வீடு. வருஷம் முடியறதுக்குள்ள ரெண்டு டீச்சர் மாறிட்டாங்க என்கிறது அடுத்த வீடு. "எதுக்கு அலையறீங்க, ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கிற இலவச இடம்) போடுங்க"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

இதுல எது நிஜம்? சேர்க்கிறதுக்கு முந்தி என்னென்ன கேட்டுப் பார்க்கணும்? பொண்ணுக்கு டாக்டர் படிப்பு ஆசை இருக்கு. அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.


சாக்பீஸ்

எல்லாமே நிஜம்தான். ஒரே கேட்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான்.

ஒன்று உதவிபெறும் பிரிவு. பெரும்பாலும் தமிழ் வழி. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நிர்வாகம் நியமித்து, கல்வித் துறை ஒப்புதல் கொடுத்த ஆசிரியருக்கு அரசே சம்பளம் தருகிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, சத்துணவு, பிளஸ் ஒன் வந்தால் சைக்கிள் எல்லாம் உண்டு. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை ஆண்டுக்கு 4 செட் சீருடை.

இன்னொன்று சுயநிதிப் பிரிவு. பெரும்பாலும் ஆங்கில வழி. அங்கே ஆசிரியர் சம்பளம் நீங்கள் கட்டும் ஃபீஸிலிருந்துதான் வரவேண்டும். புத்தகம் விலைக்கு வாங்க வேண்டும். காகிதத்தில் இப்படிப்பட்ட பள்ளிக்குப் பகுதி உதவிபெறும் பள்ளி என்று பெயர். ஆக உங்களிடம் பேசிய இரண்டு பெற்றோரில் ஒருவர் பிள்ளை ஆறு 'ஏ', மற்றவர் பிள்ளை ஆறு 'டி' என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

அதனால் அலுவலகத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி "இடம் இருக்கா" இல்லை. "என் பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் செக்‌ஷன் உதவிபெறும் பிரிவா, சுயநிதியா?" என்பதுதான். வாய்ப் பதிலோடு விடாதீர்கள். அட்மிஷன் படிவத்தில் பயிற்று மொழியும் பிரிவும் எழுதியிருக்கிறதா பாருங்கள். பணம் கட்டச் சொன்னால் ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்: பள்ளி பெயரா, பெற்றோர் ஆசிரியர் கழகமா, அறக்கட்டளையா. சுயநிதி என்றால் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பிரிவுக்கு அனுமதித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

உதவிபெறும் பிரிவில் சேர்க்க "கட்டட நிதி", "வளர்ச்சி நிதி" என்று கேட்டால் அது நன்கொடை. விரும்பினால் கொடுக்கலாம், சேர்க்கைக்கு நிபந்தனையாக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி கட்டாய நன்கொடைக்கு வாங்கிய தொகையின் 10 மடங்கு வரை அபராதம். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளையை வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. டவுனுக்குள் இருக்கும் பழைய உதவிபெறும் பள்ளிகளில் பல சிறுபான்மை நிர்வாகம். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவற்றுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. அங்கே அந்தச் சட்டத்தைச் சொல்லி மனு போட்டால் திரும்பி வரும். தமிழ்நாடு அரசின் 1992 கட்டாய நன்கொடைத் தடைச் சட்டத்தைச் சொல்லி எழுதுங்கள்.

ஆசிரியர் மாறுகிற கதைக்கு வருவோம். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்து எத்தனை பணியிடம் என்று நிர்ணயிப்பார்கள். 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது அளவு. உதாரணத்துக்கு அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 350 பேர் இருந்தால் 10 இடம். 280-க்கு இறங்கினால் 8. மிஞ்சின இருவர் உபரி; தேவைப்படும் வேறு பள்ளிக்கு அவர்களை மாற்றிவிடுவார்கள். உபரி எங்கேயாவது இருக்கும்வரை புது நியமனத்துக்கு ஒப்புதல் இழுபறியாகும். இதன் மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்குகள் வேறு. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்களும் அந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்றாகிவிட்டது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பது பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

விளைவு: ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலி நாள்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் காலியாக இருக்கும். நிர்வாகம் தன் பணத்தில் ஒருவரைப் போடும். குறைந்த சம்பளம், அதனால் நல்ல வேலை கிடைத்ததும் நவம்பரிலேயே போய்விடுவார். நீங்கள் கேள்விப்பட்ட "மாறிக்கொண்டே இருக்கும் டீச்சர்" அந்த நாற்காலிக்காரர். "மாதிரி உண்டா" என்கிற கணக்கு டீச்சர் ஒப்புதல் பெற்றவராக இருப்பார். கேட்கவேண்டியது: ஆறாவதுக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பவர் துறை ஒப்புதல் பெற்றவரா, நிர்வாகம் போட்டவரா, எப்போது ஓய்வு பெறுகிறார்? (கல்வியாண்டு நடுவில் 60 வயது முடிந்தால் ஆண்டு இறுதிவரை மறுநியமனம் கிடைக்கும். அந்த வருஷத்துக்குப் பயமில்லை, அடுத்த வருஷம்தான் சந்தேகம்.)


எஸ்எம்சி அக்கா

சாக்பீஸ் சார் சொன்னதெல்லாம் சரி. ஆனா அவர் டாக்டர் படிப்பைத் தொடவே இல்லை. உங்க முடிவே அதுல தானுங்க இருக்கு.

மருத்துவப் படிப்பு இடங்கள்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். மாநகராட்சி, நகராட்சி, ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கு. உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. தமிழ் வழியா இருந்தாலும், ஒரு பைசா ஃபீஸ் கட்டாம படிச்சிருந்தாலும் வராது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ச்சியா அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். மருத்துவத்துக்கு 2020-ல் வந்த சட்டம். அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் வந்திருச்சு. நீட் எழுதித் தகுதி பெறணும், அதுல விலக்கு இல்லை; தேறினவங்க தங்களுக்குள்ள தனிப் பட்டியல்ல போட்டி போடறாங்க. இந்த ஒதுக்கீட்டில் சேர்றவங்க படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுது.

உங்க பொண்ணு இப்ப அஞ்சாவது முடிக்கிறா. அதாவது இந்த ஜூன்தான் கடைசி வாய்ப்பு. "ஒரு வருஷம் உதவிபெறும் பள்ளியில் பார்த்துட்டு, சரியில்லேன்னா ஏழாவதுக்கு மாத்திக்கலாம்"னு நினைச்சீங்கன்னா அந்த ஒரு வருஷத்துல ஒதுக்கீடு போயிரும். பிளஸ் டூ முடிச்சு ஃபாரம் நிரப்பறப்போதான் நிறைய வீட்டுக்கு இது தெரிய வருது.

காலேஜ் போறப்போ கிடைக்கிற மாசம் 1,000 ரூபாய் திட்டம் வேற கணக்கு. புதுமைப் பெண் 2022-ல் அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்னு ஆரம்பிச்சது. 2024 டிசம்பர் 30 முதல் உதவிபெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படிச்சவங்களுக்கும் உண்டு. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல வந்தது, அதே நிபந்தனை. ஆக உதவிபெறும் பள்ளியோட இங்கிலீஷ் மீடியத்துல போட்டா அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அரசுப் பள்ளின்னா எந்த மீடியமா இருந்தாலும் பிரச்சினை இல்லை. அங்க இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனுக்கும் ஃபீஸ் கிடையாது.

ஆர்டிஇ 25 சதவீதம் நுழைவு வகுப்புக்கு மட்டும், அதாவது எல்கேஜி இல்லேன்னா ஒண்ணாவது. ரெண்டாவதுக்கும் ஆறாவதுக்கும் கிடையாது. உங்க ரெண்டு பிள்ளைக்கும் அந்தக் கதவு சாத்தியாச்சு. தெரிஞ்சவங்க வீட்ல சின்னக் குழந்தை இருந்தா சொல்லுங்க: வீட்டுக்கு 1 கிலோமீட்டருக்குள்ள பள்ளி, நலிந்த பிரிவில் போடறதுன்னா ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள்ள, சிறுபான்மைப் பள்ளி சேராது. எட்டாவது வரை ஆர்டிஇ-ல படிச்சுட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சா 7.5-க்குத் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரியாது.

பையன் விஷயம்: காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும். 2023 ஆகஸ்ட்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் இருக்கு. நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கு 2025 ஆகஸ்ட் 26-ல் தான் வந்தது. காலையில ஏழு மணிக்கே பட்டறைக்குக் கிளம்பற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.


குகை நெசவு

எஸ்எம்சி அக்கா சொல்ற ஒதுக்கீட்டை மறுக்கலை. ஆனா ஆறாம் வகுப்புக் குழந்தையை நீட்டுக்காகவே ஒரு பள்ளியில் சேர்க்கணுமா? எத்தனை பேர் பன்னிரண்டாவதுல பயாலஜி எடுக்கறாங்க, அதுல எத்தனை பேர் தேறறாங்க?

உதவிபெறும் பள்ளியோட பெரிய பலம், ஒப்புதல் பெற்ற வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர் பயம் இல்லை. அரசுப் பள்ளியில் வருஷா வருஷம் கலந்தாய்வு. நல்ல கெமிஸ்ட்ரி சார் அமைஞ்சா ரெண்டாவது வருஷம் சொந்த ஊருக்குப் போயிடுவார். இங்க ஒருத்தர் வந்தா ஓய்வு பெறற வரைக்கும் அதே பிளாக் போர்டு. அக்கா, தங்கச்சி, அம்மா மூணு பேரையும் ஒரே டீச்சர் படிக்க வெச்ச வீடு எங்க குகை ஏரியாவுல நிறைய இருக்கு. அது இருக்கறதாலதான் தினம் டெஸ்ட், மாலை ஸ்பெஷல் கிளாஸ், லீவு போட்டா வீட்டுக்கு ஃபோன் எல்லாம் ஓடுது. கிரவுண்டு, லேப், நூலகம் எல்லாம் அந்தக் காலத்துல விசாலமாக் கட்டினது.

ரிசல்ட்டைப் பாருங்க. கேட் முன்னாடி வருஷா வருஷம் நூறு சதவீதம்னு ஃப்ளெக்ஸ் இருக்கு.


சாக்பீஸ்

டிரான்ஸ்ஃபர் இல்லாததன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள், குகை நெசவு. பாடம் எடுக்காதவரும் அதே பிளாக் போர்டில் ஓய்வு பெறுகிறவரை இருப்பார். அரசுப் பள்ளியில் அவரிடமிருந்து பிள்ளைக்கு ஓரிரு வருஷத்தில் விடுதலை கிடைக்கலாம், இங்கே கிடைக்காது.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் ஒரு கழித்தல் கணக்கு போடப் பழகுங்கள். ஒன்பதாவதில் 180 பேர் இருந்தார்கள், அடுத்த ஆண்டு பத்தாவது பொதுத் தேர்வு எழுதியவர்கள் 150 பேர், 150 பேரும் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதம்தான். மீதி 30 பேர் எங்கே? கட்டாயத் தேர்ச்சி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதில் மார்க் குறைந்த பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு "வேறு பள்ளி பாருங்க, டிசி-யில் பாஸ்னு போட்டுத் தர்றோம்" என்று பேசுவது பழைய வழக்கம். உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் இரண்டிலும் உண்டு. கடைசியில் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது மாநகராட்சிப் பள்ளி; அதன் சதவீதம் ஏன் குறைகிறது என்று பிறகு கேட்பார்கள்.

இந்தக் கழித்தலை வீட்டிலிருந்தே செய்யலாம். மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் "நோ யுவர் ஸ்கூல்" என்ற பகுதிக்குப் போய்ப் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொடுங்கள் (தமிழ்நாட்டுப் பள்ளி எல்லாம் 33-ல் தொடங்கும்). வகுப்பு வாரியாக எத்தனை பேர், எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை என்று வரும். ஓர் ஆண்டின் ஒன்பதாவதையும் மறு ஆண்டின் பத்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு பேர் குறைந்தால் ஊர் மாறியிருப்பார்கள். வகுப்பில் ஒரு பெஞ்சு வரிசையே காணாமல் போயிருந்தால் கேள்வி கேளுங்கள். அதே பக்கத்தில் நிர்வாகம் என்ற இடத்தில் உள்ளாட்சியா, அரசா, உதவிபெறுவதா என்று இருக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம், 7.5 கணக்குக்கு இந்த வரிதான் முக்கியம்.


அஸ்தம்பட்டி டூ ஹூஸ்டன்

வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன இடைச்செருகல். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று உண்டு, 1991-ல் மினசோட்டா மாநிலச் சட்டத்தில் ஆரம்பித்தது. அரசுப் பணம், தனி நிர்வாகம், ஃபீஸ் கிடையாது. நம்ம உதவிபெறும் பள்ளிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அங்கே பணம் மாணவர் தலைக்கு வரும், நம்மிடம் ஆசிரியர் பணியிடத்துக்கு. விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல். சில ஆண்டுக்கு ஒப்பந்தம். சொன்னபடி நடத்தாவிட்டால் ஒப்பந்தம் கொடுத்த அமைப்பே மூடிவிடலாம். பெற்றோர் புகார் மட்டும் அச்சு அசலாக இதே: கண்டிப்பு நல்லது என்று ஒரு கூட்டம், தாக்குப்பிடிக்காத பிள்ளையை நைசாக வெளியே அனுப்புகிறார்கள், காலி இடத்தையும் நிரப்புவதில்லை, அதனால்தான் சதவீதம் அழகாக இருக்கிறது என்று இன்னொரு கூட்டம்.


செவ்வாய்ப்பேட்டை அப்பா

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒதுக்கீட்டு விஷயம் தெரியவே தெரியாது. மூணு சந்தேகம். மாநகராட்சிப் பள்ளியில் என்ன குறை, அதையும் ஒளிக்காம சொல்லுங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பொண்ணைத் தமிழ் மீடியத்துக்கு மாத்தினா என்ன ஆகும்? இப்ப படிக்கிற பள்ளியில் கடைசி டேர்ம் ஃபீஸ் பாக்கி இருக்கு, டிசி தர மாட்டாங்களோன்னு பயம்.


எஸ்எம்சி அக்கா

மாநகராட்சிப் பள்ளிக் குறைன்னா, முதல் குறை கழிப்பறை. கட்டடம் புதுசாக் கட்டியிருப்பாங்க, கழுவ ஆள் இருக்காது. சேர்க்கப் போற அன்னிக்குக் காலையில போகாதீங்க. மதியம் சாப்பாட்டு மணிக்கு அப்புறம் போய், அம்மாவை உள்ளே அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. தண்ணி வருதா, தாழ்ப்பாள் இருக்கா, நாப்கின் போட எரிப்பான் வேலை செய்யுதா. ஆறாவதிலிருந்து பொண்ணுக்கு அது அவசியம்.

ரெண்டாவது, இங்கிலீஷ் மீடியம்னு போர்டு இருக்கும், பாடம் நடத்தறது தமிழ்ல இருக்கும். அதே வாத்தியார்தான் ரெண்டு செக்‌ஷனுக்கும் போறார். பிள்ளை இங்கிலீஷ்ல எழுதுமா, இல்லை கைடு பார்த்து மனப்பாடம் பண்ணுமாங்கறது அந்தந்த வாத்தியாரைப் பொறுத்தது. ஏழாவது படிக்கிற பிள்ளையோட அறிவியல் நோட்டை வாங்கிப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிரும். மூணாவது, ஜூன்ல கலந்தாய்வு முடிஞ்சு காலியிடம் நிரம்ப ஆகஸ்ட், செப்டம்பர் கூட ஆயிடுது.

இதுக்கெல்லாம் ஒரு பிடி இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்எம்சி. அரசுப் பள்ளியில் 2024-ல் மாத்தி அமைச்சப்போ 24 பேர், பெரும்பாலும் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். கூட்டத்துல தீர்மானம் போட்டா அது செயலியில் ஏறி மேல போகுது. கட்டடம், தண்ணி, துப்புரவுன்னா மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மனு. உதவிபெறும் பள்ளியில் குழு இருந்தாலும் 2012 சட்டத் திருத்தப்படி ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். அங்க முடிவு நிர்வாகத்தோடது. பெற்றோர் சத்தம் போட்டாலும் செயலர் கேட்டாத்தான் உண்டு.


சாக்பீஸ்

மீடியம் மாற்றம்: ஆறாவது என்பதால் சமாளிக்கலாம், எட்டாவதுக்கு மேல் என்றால் வேண்டாம் என்பேன். இடறுவது தமிழ்ப் பாடத்தில் அல்ல, கணக்கிலும் அறிவியலிலும் வருகிற கலைச்சொல்லில். பின்னம், தொகுதி, பகுதி, மீச்சிறு பொது மடங்கு, விசை, அடர்த்தி என்று புதிதாக மோதும். கணக்கு தெரிந்த பிள்ளைகூடக் கேள்வி புரியாமல் விழிக்கும். பாடநூல் கழகத்தின் ஐந்தாம் வகுப்புத் தமிழ் வழிக் கணக்கு, அறிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தெரிந்த பாடத்தையே தமிழில் படிக்க வையுங்கள். புதுப் பாடம் வேண்டாம்.

தமிழ் வழிக்கு மாறினால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது இல்லை. அந்தக் காரணத்துக்காக மாற்ற வேண்டாம்.

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் எட்டாவதில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வைக் குறித்து வையுங்கள். அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள், ஏழாவதில் 55 சதவீதம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். உதவிபெறும் பள்ளிகளில் இதற்குத் தனிப் பயிற்சி கொடுப்பதில் சில பள்ளிகள் கெட்டிக்காரர்கள், அதையும் விசாரியுங்கள். சுயநிதிப் பிரிவுப் பிள்ளைக்குப் பொருந்துமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பணியிடம் பற்றி வாயில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை) அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இப்பள்ளியின் நடப்பு ஆண்டுப் பணியாளர் நிர்ணய ஆணை, நிரப்பப்படாத பணியிடங்கள் பாடவாரியாக" என்று இரண்டே வரி. 30 நாளில் பதில் வரவேண்டும். மார்ச்சில் போட்டால்தான் சேர்க்கைக்கு முன் கையில் இருக்கும்.


ஏற்காடு மலைப்பாதை

ஏற்காடு மலை மேல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிக்கறேன். மலையில் உதவிபெறும் பள்ளி விடுதியோட இருந்தா, வகுப்பு இலவசம்னு சொன்னாலும் விடுதிக் கட்டணம் தனி. அதுக்கும் அரசு உதவிக்கும் சம்பந்தமில்லை. பழங்குடியினர் நலத் துறை உண்டு உறைவிடப் பள்ளின்னா தங்கறது, சாப்பாடு எல்லாம் இலவசம், 7.5-க்கும் அரசுப் பள்ளிக் கணக்கு. மலையாளிப் பழங்குடிக்கு (இந்த மலை மக்கள், கேரளக்காரங்க இல்லை) சாதிச் சான்று வட்டாட்சியர் தர்றதில்லை, கோட்டாட்சியர்தான் தரணும். விசாரணை எல்லாம் முடிஞ்சு வர மாசக் கணக்காகும். பிள்ளை நாலாவது படிக்கும்போதே விண்ணப்பம் போட்டிருங்க. டவுன் பள்ளியில சேர்த்துட்டு 20 கொண்டை ஊசி வளைவு தினம் ஏறி இறங்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மழை, மூடுபனின்னா முதல் மணிக்கே பிள்ளை இருக்காது.


எஸ்எம்சி அக்கா

டிசி பத்திக் கேட்டதுக்குப் பதில் பாக்கி இருக்கு.

ஃபீஸ் பாக்கிக்காக டிசி-யைப் பிடிச்சு வெக்கக் கூடாது. எட்டாவது வரைக்கும், டிசி வரத் தாமதமாச்சுன்னு சொல்லி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ (சிறுபான்மைப் பள்ளி தவிர) சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் டிசி ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்லை, அதுல பாக்கின்னு எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. பாக்கி பாக்கிதான், அதை அவங்க வேற வழியில் கேட்டுக்கலாம்.

நடைமுறையில் மாட்டறது வேற இடத்துல. எமிஸ், அதாவது கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு. பழைய பள்ளி பிள்ளையோட எமிஸ் எண்ணைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறற பிள்ளைகளோட பொதுப் பட்டியல்) விட்டாத்தான் புதுப் பள்ளி இழுத்துக்க முடியும். பேப்பர்ல சேர்த்துக்குவாங்க, எமிஸ்-ல ஏறாது. ஏறலைன்னா இலவசப் புத்தகம், சீருடைக் கணக்குல பேர் வராது. அதனால இப்படிப் பண்ணுங்க: ஏப்ரல் கடைசி வேலை நாளுக்கு முன்னாடி, டிசி கேட்டும் எமிஸ்-ல விடுவிக்கச் சொல்லியும் ஒரே கடிதம் எழுதி, நகல்ல சீலும் தேதியும் வாங்கிக்குங்க. வாங்க மறுத்தா பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. ஒரு வாரம் பார்த்துட்டு அந்த நகலோட மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) கிட்ட மனு கொடுங்க. கல்வித் துறை உதவி எண் 14417-க்கும் கூப்பிட்டுப் புகாரைப் பதிஞ்சு வெச்சிருங்க.

கையில எடுத்துட்டுப் போக: பிறப்புச் சான்று, பிள்ளை ஆதார், சாதிச் சான்று, இ-சேவையில் எடுத்த வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், பிள்ளை பேர்ல வங்கிக் கணக்குப் புத்தகம், ஃபோட்டோ நாலு. பிறப்புச் சான்று, ஆதார், எமிஸ் மூணுலயும் பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க. ஒண்ணுல இனிஷியல் முன்னாடியும் இன்னொண்ணுல பின்னாடியும் இருக்கும். எமிஸ்-ல இருக்கிறதுதான் நாளைக்குப் பத்தாவது மார்க் ஷீட்ல அச்சாகும். ஆறாவதுல திருத்தறது ஹெச்எம் கையெழுத்தோட முடிஞ்சிரும், மார்க் ஷீட் வந்தப்புறம்னா வருஷக்கணக்கு.

பஸ் பத்திக் கேக்கலை, இருந்தாலும்: சாதாரண டவுன் பஸ்ல பொண்ணுக்கு டிக்கெட்டே இல்லை, பாஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பையனுக்குத்தான் பாஸ் எழுதிக் கொடுக்கணும். சேர்க்கை ஜூலை வரைக்கும் நடக்கும், ஆகஸ்ட் 1 தலைக்கணக்குக்காக எல்லா ஹெச்எம்மும் ஆள் தேடுவாங்க. ஆனா நல்ல செக்‌ஷன் மே மாசத்துலயே நிரம்பிரும்.